ஈரம் வேண்டிய பெட்டிகள்

ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து கை சேர்த்து, மறுபடியும் பின்னால் போக வேண்டும். எங்கள் சலவைக் கூடத்தில் நானும் டிரையர் அக்காவும் பல வருஷம் அப்படி வந்து வந்து போனோம். அவள் தன் கதையைச் சொன்னதும் அப்படித்தான். கிட்டே வரும்போது கொஞ்சம், தள்ளிப் போகும்போது கொஞ்சம். பெரிய விஷயங்களைத் தூரத்தில் நின்றுதான் சொல்வாள், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தி. வெட்கப்பட்டுச் சொன்னதாக ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை.

துணி உலர்த்தும் பெரிய மெஷின்களைப் பார்த்துக்கொண்டதால் அவளுக்கு அந்தப் பெயர். சூட்டிலேயே நின்று நின்று முகம் செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. "நான் வெயில்ல போனா வெயிலுக்குத்தான் வேர்க்கும்" என்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பழைய அடுக்குமாடிகளில் முனகிக்கொண்டே ஏறி இறங்கும் கம்பிக்கூண்டு லிஃப்ட்டுகள் அவர் கைக்குத்தான் படியும். கல்யாணமான புதிதில் ஒருநாள், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து ஒரு பணக்கார அம்மாவை மீட்டார். அந்த அம்மாள் நடுக்கம் தீராமலேயே அவரை வீட்டுக்குள் அழைத்துப்போய், கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள். கறுப்புப் பெட்டி. மூடியில் பொன்னால் வரைந்த இரண்டு நாரைகள். கிழக்கே தூரதேசத்தில், எழுதுகிறவர்கள் தூரிகையும் மை உரைக்கும் கல்லும் வைத்துக்கொள்ளச் செய்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் இரண்டு கைகளிலும் வைத்தார். "எடையே இல்லை" என்றாள் அக்கா என்னிடம். "தூங்குற குருவியக் கையில வச்ச மாதிரி. அழகா இல்லைன்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல."

அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பெட்டிப் பைத்தியம். நூலகத்தில் போய்ப் படித்தார். வேலைக்குப் போகும் வீடுகளில் எண்ணெய் போடுகிற சாக்கில் அலமாரிகளை நோட்டம் விட்டார். வீட்டைக் காலி செய்கிறவர்கள், பெரியவர் இறந்த வீட்டுக்காரர்கள், சண்டையில் பிரிகிற தம்பதிகள், எல்லோரையும் அவருக்குத் தெரியும். உணவு வைக்கும் அடுக்குப் பெட்டி, இடுப்பில் தொங்கவிடும் மருந்துச் செப்பு, முத்துச்சிப்பி பதித்த தட்டு, பூ செதுக்கிய சிவப்பு வட்டச் செப்பு என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன.

"அரக்குப் பெட்டியா?" என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"அரக்குங்கிறது பூச்சி கக்குறது. இது மரத்தோட பால். ஒரு பூச்சு பூசி, காய விட்டு, தேச்சு, திரும்பப் பூசி... வருஷக்கணக்குல செஞ்சது. இதுல இன்னொரு விசேஷம். இந்தப் பால் காயறதுக்கே ஈரக் காத்துதான் வேணும். காஞ்ச காத்து பட்டா உள்ள இருக்கிற மரம் சுருங்கும், பூச்சு வெடிச்சிரும்."

இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.

வீடு சின்னது. முன்பக்கம் சமையலும் சாப்பாடும் வாசலும் எல்லாம் சேர்ந்த ஒரே இடம். பின்னால் ஒரே ஓர் அறை. அந்த அறையைப் பெட்டிகளுக்குக் கொடுத்தார். ஜன்னலுக்குக் கனத்த திரை. அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர்க் கிண்ணம், நனைத்த பஞ்சுக்கட்டி. சுவரில் ஈரத்தை அளக்கிற ஒரு வட்டக் கருவி. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அதன் முள்ளைத்தான் பார்ப்பார். கிண்ணங்களை நிரப்புவது மனைவி வேலை. ஒருநாள் நிரப்ப மறந்ததற்கு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடித்ததில்லை. "அடிச்சிருந்தாத் தேவலை. நாலு பேருகிட்டச் சொல்லி அழலாம். தண்ணி வைக்க மறந்ததுக்குப் பேசலைன்னு யாருகிட்டச் சொல்றது?"

அக்காவுக்குத் தையல் மெஷின் ஒன்று இருந்தது, பிறந்த வீட்டில் கொடுத்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது மெஷின் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சிவப்பு வட்டச் செப்பு வந்தது அன்றைக்குத்தான்.

"என் மெஷின் எங்கங்க?"

"குடுத்துட்டு இதை வாங்கினேன். தையல் மெஷின் எந்தக் கடையிலும் கிடைக்கும். இது கிடைக்குமா? பாரு, இந்தப் பூவோட இதழைப் பாரு."

அவள் பார்த்தாளாம். இதழ் நிஜமாகவே இதழ் மாதிரி இருந்ததாம்.

பெண் குழந்தை பிறந்தது. முன்பக்கத்தில் தொட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் குழந்தையும் பின்னறைக்குப் போனது, அலமாரிக்குக் கீழே. அந்த அறையின் சுவர் எப்போதும் வேர்த்திருக்கும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் ஏறியிருந்தது. நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே குழந்தைக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குழி விழும். அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், மூக்கில் மருந்துப் புகை பிடித்துவிட்டுத் திரும்புவதும் வழக்கமாயிற்று.

டாக்டர் அம்மா கேட்டார்: "வீட்ல ஈரமான ரூம் இருக்கா?"

அக்கா சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அந்த ரூம்ல வெயில் படணும், காத்து வரணும். இல்லைன்னா மருந்து குடுத்து பிரயோஜனமில்ல."

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு மருந்துச் செப்பை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"பெட்டிய வேற எங்க வைக்கிறது?"

"முன்னால வைங்க. சுவரோரமா அடுக்குங்க."

"அடுப்பு இருக்கிற இடத்துலயா? ஒரே மாசத்துல வெடிச்சிரும்."

"அப்போ குழந்தை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததை அக்கா மறக்கவில்லை. கோபத்தில் வந்த வார்த்தையாக இருந்தால் மன்னித்திருப்பாளாம்.

"பெட்டிய இடம் மாத்த முடியாது. புள்ளைய மாத்தலாம்" என்றார்.

அவருக்கு மூத்த சகோதரி ஒருத்தி மேட்டு ஊரில் இருந்தாள். வெயிலும் காற்றுமாக வறண்ட ஊர். குழந்தை இல்லாதவள். தகவல் போன வேகத்தில் ஆள் வந்து நின்றாள், குட்டிச் சட்டைகளெல்லாம் வாங்கிக்கொண்டு.

"கொஞ்ச நாளைக்குத்தானே, அண்ணி?" என்று கேட்டாள் அக்கா.

"நெஞ்சு தேறட்டும். உன் புள்ளைய நான் முழுங்கவா போறேன்?" என்றாள் நாத்தனார், குழந்தையை இடுப்பில் வைத்தபடி.

முழுங்கித்தான் விட்டாள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு காரணம் இருந்தது. இப்பத்தான் இழுப்பு குறைஞ்சிருக்கு. இப்பத்தான் பள்ளிக்கூடம் சேர்த்திருக்கு. பரீட்சை வருது. காரணங்களில் பொய்யும் இல்லை. மேட்டு ஊரில் குழந்தை ஓடியது, சைக்கிள் ஓட்டியது. இங்கே லீவுக்கு வந்தால் மூன்றாம் நாளே மூச்சு இழுக்கும், மூட்டை கட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஒரு லீவில் வந்த பெண், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்க சாப்பிடலையா?" என்று அக்காவைக் கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "நல்ல மரியாதையா வளர்த்திருக்காங்க" என்றேன்.

அக்கா விரிப்பின் முனையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அவ அத்தைய 'நீ'ங்கிறா. 'நீ வாம்மா, நீ போம்மா'ன்னு. என்னை 'நீங்க'. பெத்தவளைப் போய் 'நீங்க'ன்னா அது மரியாதையாடி?"

அதற்கு அப்புறம் வருஷங்கள் போயின. அலமாரி நிறைந்து இன்னொரு அலமாரி வந்தது. தொட்டில் இருந்த இடத்தில்தான் அதைப் போட்டார்.

பெண் மேல்வகுப்புக்குப் போயிருந்த சமயம், அவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கிவிட்டன. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தினமும் வேலை முடிந்து அக்கா போய் நிற்பாள். அவருடைய முதல் கேள்வி ஒரே கேள்விதான்.

"தண்ணி வச்சியா?"

"வச்சேன்."

"முள் எங்க நிக்குது?"

"நீங்க சொன்ன இடத்துலதான்."

முதல் சில வாரம் உண்மையிலேயே வைத்தாள். பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. அவர் வீட்டில் இல்லை. பெண்ணுக்கு லீவு வருகிறது. அறையை உலர்த்தினால் பெண் வந்து தங்கலாம், மூச்சு இழுக்காமல், ஒரு முழு லீவு.

திரையைக் கழற்றினாள். ஜன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்கவில்லை, சுத்தியலால் தட்டித் திறந்தாள். வெயில் உள்ளே வந்து அலமாரிவரை நீண்டு கிடந்தது. பூசணத்தைச் சுரண்டி, சுவரைக் கழுவினாள். சலவைக் கூடத்தில் ஓரங்கட்டிப் போட்டிருந்த ஈரம் உறிஞ்சும் மெஷினை, மேலாளரிடம் கேட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவள் நான்தான். பெண்ணுக்கு ஒரு கட்டில் போட்டு, அதன் பக்கத்துத் தட்டில் அவள் சாமான் வைக்க இடம் வேண்டுமென்று சிவப்புச் செப்பை மட்டும் எடுத்தாள். அதன் மேல் அவளுக்கு ஒரு தனிக் கோபம். குளியலறையில் சோப்புத்தூள் போட்டு வைத்தாள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் மெஷினின் தொட்டி நிறைந்திருக்கும். "அந்தத் தண்ணியக் கொட்டும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என் புள்ளை நெஞ்சுல இருந்து சளிய எடுத்துக் கொட்டுற மாதிரி."

பெண் வந்தாள். முதல் நாள் இழுக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஒரு வாரம் தாண்டியது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவினாள், சாப்பாட்டில் உப்பு குறை என்றாள், பாட்டுப் பாடினாள். அந்த நாட்களில் டிரையர் அக்கா வேலைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து ஓட்டமும் நடையுமாகப் போவாள். எங்களைப் பார்த்து முதல்முறையாக "சாப்பிட்டீங்களாடி?" என்று கேட்டாள்.

அக்கா ஒரு மத்தியானம் வீட்டுக்குப் போனபோது பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாரைப் பெட்டி.

"இது டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது" என்றாள். "இங்க பாருங்க."

மூடியின் குறுக்கே முடி அளவில் ஒரு கீறல். ஒரு நாரையின் இறக்கை ஓரம் மேலே சுருண்டு நின்றது. பெண் அதை ஊதாமல், தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்பாவின் மகள்தான்.

"இதுக்காகத்தான் என்னை அனுப்புனீங்களா?"



பெண் பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அழகாத்தான் இருக்கு. நான்கூட அனுப்பியிருப்பேன்" என்றாள்.

கேலியா, நிஜமா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகளைப் பல மாதம் கழித்துப் பார்க்கிற தகப்பன், அவள் கையைப் பிடித்தார். கண் கலங்கியது. "அந்த ரூம்லயா தங்கியிருக்கே? முள் எங்கம்மா நிக்குது?" என்றார்.

பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

"எதுக்குப் பொய் சொன்னே?" என்று அக்கா வழியில் கேட்டாள்.

"உங்க ரெண்டு பேர் விவகாரம். அதுக்குள்ள நான் எதுக்கு?" என்றாள் பெண். லீவு முடிய இன்னும் நாளிருந்தது. மறுநாளே ரயிலேறிவிட்டாள்.

ரயிலை அனுப்பிவிட்டு வந்த அக்கா அறையில் போய் நின்றாள். மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அப்போது இரண்டு மூன்றில்தான் கீறல் இருந்தது. திரையை மாட்டிக் கிண்ணங்களை நிரப்பினால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம். பஞ்சுக்கட்டியை நனைத்துக் கையில் எடுத்தும்விட்டாள். அது கையில் கனத்தது. தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. தொட்டிக்கு மேலே பிடித்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தாள்.

மெஷினின் குமிழைக் கடைசிவரை திருப்பினாள். அதோடு நிற்கவில்லை. ஒரு ரூம் ஹீட்டரும் கொண்டுவந்து வைத்தாள், அலமாரியைப் பார்த்து. அதற்குத் தள்ளுவண்டி தேவைப்படவில்லை, தோளிலேயே தூக்கிப் போனாள்.

"தண்ணி வச்சியா?" என்று அவர் கேட்பார்.

"வச்சேன்" என்பாள். தலையணையைச் சரிசெய்வாள். வீட்டுக்கு வந்து கதவருகே உட்கார்ந்துகொள்வாள். டிக். கொஞ்சம் கழித்து, டிக். பொரிகடலை வறுபடுகிற மாதிரி இருக்கும் என்றாள்.

நான் அவளை நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உடன் வேலை பார்த்த இருவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி நடக்க வாய்ப்பில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முன்பக்கத்தில் கட்டில் கொள்ளாது. பின்னறையில், அலமாரிகளைப் பார்த்த மாதிரி கட்டிலைப் போட்டு வைத்திருந்தாள் அக்கா. அவர்கள் அவரைப் படுக்க வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அறை முழுக்க வெயில். கறுப்பெல்லாம் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. மூடிகள் கோணிக்கொண்டு நின்றன. பொன் செதில் செதிலாக உதிர்ந்து தட்டுகளில் கிடந்தது. துடைக்காமல் விட்டிருந்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தெரிஞ்சேதானே?" என்றார்.

"தெரிஞ்சேதான்."

அவர் கத்தவில்லை. "எடுத்து வெளிய போட்டுரு. கண்ணுல பட வேணாம்" என்றார்.

"இருக்கட்டும். இத்தனை வருஷமா ஆசையா பாத்தீங்க. இனிமேயும் பாருங்க" என்றாள் அக்கா.

அப்படித்தான் இருந்தது அந்த வீடு. அவள் அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு, சுத்தமான விரிப்பு, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் செய்தாள். பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் புழக்கத்துக்கு எடுத்தாள். அடுக்குப் பெட்டியில் பூண்டு. நாரைப் பெட்டியில் துணி மாட்டும் கிளிப். கட்டிலருகே உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்கப் பூண்டு உரித்துப் போடுவாள்.

நாத்தனார் தம்பியைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இந்த வீட்ல ஈரமெல்லாம் பெட்டிக்கே செலவாயிடுச்சு, அண்ணி. எனக்கு மிஞ்சல."

"தம்பி, நீ என்கூட வந்துரு. நான் பாத்துக்கறேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நாத்தனார் எவ்வளவோ கெஞ்சினாள். அக்காவுக்கும் அது கடைசிவரை புரியாத விஷயம். போயிருந்தால் அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி.

குளிப்பாட்டுவதுதான் கஷ்டமான வேலை. வாரம் ஒருமுறை, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், முக்காலியில் உட்கார வைத்து வெந்நீர் ஊற்றுவாள். கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்துவிடும். ஒருநாள் கழற்றிய துணியை நனைக்கச் சோப்புத்தூள் எடுக்க அவர் நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. சோப்புத்தூள் இருந்தது சிவப்புச் செப்பில். அத்தனை பெட்டிகளும் பிளந்து கிடக்க, அது மட்டும் ஆவியிலும் ஈரத்திலும் ஒரு கீறல் இல்லாமல் புதிதுபோல் இருந்தது. பூவின் இதழ்களுக்கிடையே சோப்பு நுரை.

 மறுநாள், "குளிக்கணும் போல இருக்கு" என்றார். அதற்கு மறுநாளும். முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் ஆறிய பிறகும், "இன்னும் கொஞ்ச நேரம்" என்பார். ஒருநாள் அவர் விரல் நுனியால் செப்பின் மூடியைத் தடவுவதை அக்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். அவர் முகம், தொட்டில் குழந்தையைப் பார்க்கிற முகம்போல இருந்ததாம். அந்த முகத்தை நிஜத் தொட்டிலுக்கு முன்னால் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

அடுத்த நாள் சோப்புத்தூள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. சிவப்புச் செப்பைக் கழுவித் துடைத்து, பின்னறை ஜன்னல் கட்டையில், நல்ல வெயில் விழுகிற இடத்தில், கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில் வைத்திருந்தாள்.

அவர் முதல் தடவையாகக் கெஞ்சினார். "அது ஒண்ணை விட்டுரேன்."

அவள் அவர் தலையணையை உதறிப் போட்டாள்.

"யாருக்காவது குடுத்துரு. எனக்கு வேணாம். தெரிஞ்சவங்க யாராவது வச்சுப் பாத்துக்கட்டும்."

"நல்ல யோசனைதான்" என்றாள் அக்கா. "ஆனா குடுத்தா, பெறகு அது நம்மளை மறந்துருமே."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

நாட்கள் போயின. கனமாகப் பூசியது என்பதால் சிவப்புச் செப்பு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு லீவு நாள் மத்தியானம். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து டிக் என்று சத்தம் வந்தது. மற்றவற்றைவிடப் பெரிய சத்தம். பூவுக்கு நடுவே பிளந்து விளிம்புவரை ஓடிவிட்டது.

அவள் நகவெட்டியை நிறுத்தினாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார்.

அவள் மிச்ச விரலுக்கும் வெட்டி முடித்தாள்.

இதை அவள் எனக்குச் சொன்ன அன்று, நான் விரிப்பை நழுவவிட்டுவிட்டேன். "அப்ப உனக்கு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். அழுதேன் என்பாள், இல்லாவிட்டால் சந்தோஷமாக இருந்தது என்பாள் என்று நினைத்தேன்.

"பசிச்சது" என்றாள். "நல்லா பசிச்சது அன்னிக்கு. ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அவருக்கும் போட்டேன். அவரும் சாப்பிட்டாரு."

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இல்லை. நெஞ்சில் சளி கட்டி, சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். மகளுக்கு இருந்த அதே மாதிரி இழுப்பு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிட்டாள். கடைசியாக என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, "தண்ணி கேட்டாரு. குடுத்தேன்" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் அழுது ஓய்ந்து, "தம்பி ஞாபகமா ஒண்ணு குடு" என்றாள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, அண்ணி" என்றாள் அக்கா. நாத்தனார் பெட்டிகளைத் துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டினாள். கட்டும்போதே உதிர்ந்தன.

மகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை மூட்டை கட்டும்வரை வாசலில் நின்றாள். அக்கா கிட்டே போனாள்.

"நீ கொஞ்ச நாள் என்கூட இருக்கலாமில்ல? ரூம்ல இப்ப ஈரமே கிடையாது."

மகள் அவளைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபமில்லை.

"அவரு என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன பண்ணீங்கன்னும் தெரியும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் வளரல. அது என் அதிர்ஷ்டம்."

"உனக்காகத்தானே ஜன்னலைத் திறந்தேன்" என்றாள் அக்கா.

"திறந்தது எனக்காக. அதுக்கப்புறம் செஞ்சது?"

 "சாப்பாடு கட்டித் தரட்டுமா?" என்று கேட்டாள் அக்கா. "வேணாம், வழியில பாத்துக்கறோம்" என்றாள் மகள்.

கல்யாணத்துக்கு அக்கா போனாள். மணமகளின் சொந்தக்காரர்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார வைத்தார்களாம். அதையும் அவள் விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்று கத்தித்தான் சொன்னாள்.

சென்ற வருஷம் ஒரு நாள், வேலை நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. மகள் அவளாகவே செய்த முதல் போன். டிரையர் அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இரைச்சல் கேட்காத மூலைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன், கெட்ட செய்தியோ என்று. மகளுக்குக் குழந்தை பிறந்து பல் முளைக்கிற வயசு. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறதாம். டாக்டர், தாய்க்குச் சின்ன வயதில் என்ன மருந்து ஒத்துக்கொண்டது என்று கேட்கிறாராம்.

"எனக்கு அப்ப என்ன குடுத்தீங்க? பேர் ஞாபகமிருக்கா?" என்று போனில் கேட்டது எனக்கே கேட்டது.

அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பாட்டிலின் நிறம் சொன்னாள். அந்தக் காலத்து டாக்டரின் மூக்குக்கண்ணாடியைச் சொன்னாள். மருந்தின் பெயர் வரவில்லை. "இரும்மா, இரு, சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். உதடு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"பரவால்ல விடுங்க" என்றாள் மகள். "நான் அம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்."